கோர்ட் நடத்தக் காசு யார் தருவது, எவ்வளவு என்று யார் முடிவு செய்வது? இங்கிலாந்து, வேல்ஸ் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லண்டனில் எங்கள் சனத்துக்குப் படிவம் நிரப்பவும், வந்த கடிதத்தை வாசித்து விளக்கவும் உதவுகிறவர்களில் நானும் ஒருத்தி. கோர்ட் தவணை, அதாவது விசாரணைத் திகதி, தள்ளிப்போன கடிதத்தோடு வருகிறவர்கள் கேட்பவை அநேகமாக ஒரே சந்தேகங்கள்தான். அவற்றைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். நான் சட்டத்தரணி அல்ல. உங்கள் வழக்குக்கான ஆலோசனை இதில் இல்லை.

தவணை தள்ளிப்போனால் நாங்கள் நீதிபதியைத் திட்டுகிறோம், இல்லாவிட்டால் சொலிசிட்டரைத் திட்டுகிறோம். பல நேரங்களில் அந்தத் திகதியின் தலைவிதி அதற்கு முந்தைய குளிர்காலத்தில், மினிஸ்டரும் தலைமை நீதிபதிகளும் பேசி முடித்த ஓர் எண்ணில் இருக்கிறது. அந்த எண்ணைப் பற்றித்தான் இந்தப் பக்கம்.

கோர்ட்டில காசில்லை, அதால கேஸ் தள்ளிப் போகுதெண்டு லோயர் சொல்றார். கோர்ட்டுக்கே காசில்லாமல் போகுமா?

போகும். கட்டடம் இருக்கும், கதவு திறக்கும், ஆனால் வழக்கு கேட்பதற்கான நாட்களுக்கு ஒதுக்கிய காசு தீர்ந்துவிடும். ஒரு நீதிபதி ஓர் அறையில் ஒரு நாள் அமர்ந்து வழக்கு கேட்டால் அது ஓர் அமர்வு நாள். அந்த ஆண்டில் மொத்தம் எத்தனை அமர்வு நாட்களுக்குச் செலவு செய்யலாம் என்று முன்கூட்டியே ஓர் உச்சவரம்பு போடுகிறார்கள். நிதியாண்டு ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடியும். முதல் மாதங்களில் நாட்களை வேகமாகப் பயன்படுத்திவிட்டால், கடைசி மாதங்களில் கையை இறுக்க வேண்டி வரும்.

இந்தக் காசை யார் குடுக்கிறது? அரசரா, கவுன்சிலா?

இரண்டு பேரும் இல்லை. நீங்கள் கட்டும் கவுன்சில் டக்ஸில் இருந்து இது வருவதில்லை. திறைசேரி நீதி அமைச்சுக்குச் சில ஆண்டுகளுக்கான மொத்தத் தொகையைச் சொல்கிறது. 2025 ஜூன் மாதம் அறிவித்த செலவுத் திட்டம் அன்றாடச் செலவுகளுக்கு 2028-29 வரை கணக்குப் போட்டது. நீதி அமைச்சு அந்தத் தொகையைச் சிறை, நன்னடத்தைக் கண்காணிப்பு, சட்ட உதவி, கோர்ட் என்று பிரிக்கிறது. கோர்ட்டுக்கான பங்கு, நீதிமன்றங்களையும் தீர்ப்பாயங்களையும் (தொழில், குடிவரவு போன்ற பிரச்சினைகளைக் கேட்கும் மன்றங்கள்) நடத்தும் முகவரகத்துக்குப் போகிறது. முன்பு தனித்தனியாக இருந்த இரண்டு நிர்வாகங்களை இணைத்து 2011 ஏப்ரல் 1 அன்று உருவாக்கியது அது. 2025-26க்கு நீதிமன்றங்களுக்கும் தீர்ப்பாயங்களுக்குமாக அரசு அறிவித்த தொகை 250 கோடி பவுண்.

சிறைக்கும் கோர்ட்டுக்கும் ஒரே மினிஸ்டர் என்பதைக் கவனியுங்கள். சிறையில் இடமில்லாமல் போனால் அது அன்று மாலையே செய்தி. கோர்ட்டில் வழக்கு தேங்குவது சத்தமில்லாமல் நடக்கும். ஒரே பையில் இருந்து இரண்டுக்கும் எடுக்கும்போது சத்தம் போடுகிற பக்கம் முதலில் காசு போவதில் ஆச்சரியம் இல்லை.

நீதிபதிகளுக்கு இதில ஒரு சொல்லும் இல்லையா? மினிஸ்டர் வச்சதுதான் சட்டமா?

சொல் உண்டு, அதற்கு ஒரு வரலாறும் உண்டு. பழைய காலத்தில் லார்ட் சான்சலர் என்பவரே மந்திரியாகவும் நீதித்துறையின் தலைவராகவும் இருந்தார். காசு கேட்பவரும் கொடுப்பவரும் ஒருவர். 2003இல் அந்தப் பதவியையே எடுத்துவிடப் போவதாக அரசு அறிவித்தபோது, நீதித்துறையின் சார்பில் இனி யார் பேசுவது என்ற கேள்வி வந்தது. அப்போதைய லார்ட் சான்சலர் ஃபால்கனரும் பிரதம நீதியரசர் வூல்ஃபும் பேசி 2004 ஜனவரியில் ஓர் உடன்படிக்கைக்கு வந்தார்கள். அதன் பெயர் 'கன்கோர்டாட்'. அதன் சாரம் 2005ஆம் ஆண்டின் அரசியலமைப்புச் சீர்திருத்தச் சட்டத்துக்குள் போனது. லார்ட் சான்சலர் பதவி கடைசியில் ஒழியவில்லை. ஆனால் 2006 ஏப்ரலில் இருந்து நீதித்துறையின் தலைவர் பிரதம நீதியரசர்தான்.

2007 மே மாதம் நீதி அமைச்சைப் புதிதாக உருவாக்கி, சிறையையும் கோர்ட்டையும் ஒரே கூரையின் கீழ் கொண்டுவந்தார்கள். கோர்ட் காசைச் சிறை விழுங்கிவிடும் என்று நீதிபதிகள் அப்போதே கவலைப்பட்டார்கள். நீண்ட பேச்சுக்குப் பிறகு 2008இல் ஒரு கட்டமைப்பு ஆவணம் வந்தது. அதன்படி கோர்ட் நிர்வாகம் என்பது அமைச்சும் நீதித்துறையும் சேர்ந்து நடத்தும் கூட்டுப் பொறுப்பு. இப்போது அந்தக் கூட்டில் மூவர்: லார்ட் சான்சலர் (நீதி அமைச்சரும் இவர்தான்), பிரதம நீதியரசர், தீர்ப்பாயங்களின் மூத்த தலைவர். ஆண்டு நிதிப் பேச்சும் இவர்களுக்கிடையில்தான். அதையும் இன்றுவரை கன்கோர்டாட் என்றே சொல்கிறார்கள்.

அந்தப் பேச்சில என்னதான் பேசுவினம்?

அடுத்த ஆண்டு எத்தனை வழக்கு வரும் என்ற மதிப்பீடு, அவற்றைக் கேட்க எத்தனை நீதிபதிகள் இருக்கிறார்கள், எத்தனை அறை பாவிக்கக்கூடிய நிலையில் இருக்கிறது, கட்டணமாக எவ்வளவு வரும், கூரைக்கும் லிஃப்டுக்கும் எவ்வளவு செலவாகும் என்று எல்லாம் மேசைக்கு வரும். கடைசியில் கிரவுன் கோர்ட்டுக்கு இத்தனை அமர்வு நாள், குடும்ப வழக்குக்கு இத்தனை, சிவிலுக்கு இத்தனை, தீர்ப்பாயங்களுக்கு இத்தனை என்று பிரிந்து நிற்கும். ஏப்ரல் 1க்கு முன் முடிந்தால் நல்லது. இழுபட்டால், எந்த நாளுக்கு எந்த வழக்கைப் போடுவது என்று தெரியாமல் கோர்ட்டில் பட்டியல் போடும் அலுவலர் தவிப்பார்.

106,500 எண்டு ஒரு கணக்கு சொல்லினம். அது என்ன?

2024-25 ஆண்டுக்குக் கிரவுன் கோர்ட்டுக்குக் கொடுத்த அமர்வு நாட்களின் வரம்பு. இங்கே கொலை, பாலியல் வன்முறை, பெரிய மோசடி போன்ற கடுமையான குற்ற வழக்குகளை ஜூரியோடு விசாரிப்பது கிரவுன் கோர்ட். அந்த ஆண்டு 113,000 நாட்கள் வரை அமரக்கூடிய வலு நீதித்துறையிடம் இருந்தது என்று பிரதம நீதியரசர் சூ கார் பாராளுமன்றக் குழுவிடம் சொன்னார். காசு கிடைத்ததோ 106,500க்கு. இலையுதிர் காலத்திலேயே நாட்கள் வேகமாகக் கரைவது தெரிந்து, போட்டிருந்த அமர்வுகளை நிறுத்தத் தொடங்கினார்கள். எதிர்ப்பு வந்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி 108,500 ஆக்கினார்கள். 2025-26க்கு முதலில் அறிவித்தது 110,000.

இதே நேரத்தில் கிரவுன் கோர்ட்டில் முடியாமல் கிடந்த வழக்குகள் 2025 நடுப்பகுதியில் 78,000ஐத் தாண்டின. 2018 முடிவில் அது 33,000 அளவில்தான் இருந்தது. கொரோனாவை மட்டும் காரணம் சொல்வதை நான் ஏற்பதில்லை. கொரோனா வருவதற்கு முன்பே, 2019-20இல், வழக்கு குறைந்துவிட்டது என்ற கணக்கில் அமர்வு நாட்களைக் கணிசமாக வெட்டியிருந்தார்கள். அதற்குப் பிறகு 2020 மார்ச்சில் ஜூரி விசாரணைகள் நின்றுபோயின. ஏற்கெனவே மெலிந்திருந்த அமைப்பின் மேல் விழுந்த அடி அது.

அக்கா, நான் போன அண்டைக்கு கோர்ட்டில பாதி ரூம் இருட்டாக் கிடந்தது. ரூமும் இருக்கு, சனமும் காத்துக்கொண்டு இருக்கு. பிறகேன் பூட்டி வைக்கினம்?

நீங்கள் பார்த்தது சரி. இதற்குக் காரணம் நீதிபதிகளில் இரண்டு வகை இருப்பது. முழுநேர நீதிபதிக்கு மாதச் சம்பளம். அவர் அமர்ந்தாலும் அமராவிட்டாலும் அது போகும். ரெக்கோடர் என்பவர்கள் மற்ற நாட்களில் பாரிஸ்டராகவோ சொலிசிட்டராகவோ வேலை செய்துகொண்டு, ஆண்டில் சில வாரங்கள் நீதிபதியாக அமர்பவர்கள். அவர்களுக்கு நாள் கணக்கில் ஊதியம். வரம்பு இறுகும்போது முதலில் நிறுத்துவது இவர்களைத்தான், ஏனென்றால் உடனே மிச்சம் காட்டக்கூடிய இடம் அது. ரெக்கோடர் வராத அறைக்கு விளக்குப் போடுவதில்லை.

அந்த இருட்டு அறைக்கு வெளியே என்ன நடக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். சில வழக்குகளை அறை ஒதுக்காமலே ஒரு நாளுக்குப் போடுவார்கள். வேறு வழக்கு குழம்பினால் அந்த இடத்தில் இது நுழையும். அப்படிப் போட்ட வழக்கில் சாட்சி சொல்ல வருகிறவர் காலையில் வந்து, நல்ல உடுப்போடு, வீட்டில் கட்டிக்கொண்டு வந்த சோற்றை வாங்கிலில் இருந்தே சாப்பிட்டு, பின்னேரம் வரை காத்திருப்பார். பிறகு ஒருவர் வந்து 'இன்றைக்கு இல்லை, புதுத் திகதி கடிதத்தில் வரும்' என்பார். அடிபட்ட பெண் இப்படி இரண்டு முறை திரும்பிப் போனால் மூன்றாம் முறை வருவாரா? வராமல் விட்டவர்களை எனக்குத் தெரியும். காசு மிச்சம் பிடித்த கணக்கில் அவர்கள் எங்கேயும் வருவதில்லை.

அறை பூட்டியிருப்பதற்கு எப்போதும் அமர்வு நாள்தான் காரணம் என்றும் இல்லை. பாரிஸ்டர் கிடைக்காமல் போகலாம், ஹீட்டிங் பழுதாகலாம், கூரை ஒழுகலாம். எங்கள் ஆட்கள் நிறையப் பேர் வாழும் ஹரோவில் கிரவுன் கோர்ட்டை 2023 ஓகஸ்டில் முழுதாகவே மூடினார்கள். நொறுங்கக்கூடிய பழைய வகைக் கொங்கிறீட் கட்டடத்தில் இருப்பது தெரியவந்தது. சில மாதங்களில் திறக்கும் என்று முதலில் சொன்ன கதை நடக்கவில்லை. அங்கிருந்த வழக்குகள் மற்றக் கோர்ட்டுகளின் வரிசையில் போய்ச் சேர்ந்தன. 2025-26இல் திருத்த வேலைகளுக்கென்று 14.85 கோடி பவுண் அறிவித்தார்கள். நாடு முழுக்க இருக்கும் கட்டடங்களுக்கு அதுதான்.

கேஸ் போட நாங்கள் கட்டுற ஃபீஸ் எங்க போகுது?

கோர்ட்டை நடத்தும் செலவுக்குத்தான் போகிறது. சிவில், குடும்பம், மரணசாசனம் போன்ற பகுதிகளில் செலவின் பெரும் பங்கைக் கட்டணத்திலிருந்து எடுக்கிறார்கள். 10,000 பவுணுக்கு மேல் 200,000 வரை பணம் கேட்டு வழக்குப் போட்டால் கேட்கும் தொகையில் 5 வீதம் கட்டணம். அதற்கு மேல் எவ்வளவு கேட்டாலும் 10,000 பவுண். அந்தக் கோர்ட்டின் உண்மையான செலவை விடக் கூடவே வாங்கலாம் என்று 2014இல் ஒரு சட்டம் அனுமதி கொடுத்தது. மிஞ்சுவதைக் கோர்ட் அமைப்புக்கே செலவழிக்க வேண்டும் என்பது நிபந்தனை.

குறைந்த வருமானக்காரருக்குக் கட்டணச் சலுகை உண்டு. கட்டணத்தைப் பார்த்துப் பயந்து உரிமையை விட்டுவிடாதீர்கள், முதலில் அந்தப் படிவத்தைக் கேளுங்கள்.

அப்ப ஃபீஸைக் கூட்டினால் பிரச்சினை தீருமே? வசதி உள்ளவன் கட்டட்டும்.

செய்து பார்த்தார்கள். 2013 ஜூலையில் தொழில் தீர்ப்பாயத்துக்குக் கட்டணம் கொண்டுவந்தார்கள். அநியாயமாக வேலையால் நிறுத்தியதாக வழக்குப் போட்டு விசாரணை வரை போனால் மொத்தம் 1,200 பவுண். வழக்குகள் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு குறைந்தன. யூனிசன் தொழிற்சங்கம் உச்ச நீதிமன்றம் வரை போனது. 2017 ஜூலை 26 அன்று அந்தக் கட்டணம் சட்டவிரோதம் என்று தீர்ப்பு வந்தது. கோர்ட் என்பது அதைப் பாவிப்பவருக்கு மட்டும் பயன்படும் சேவை அல்ல, ஒரு தொழிலாளி வென்றால் அதே நிலையில் உள்ள மற்றவர்களுக்கும் முதலாளி சட்டப்படி நடப்பான் என்று அந்தத் தீர்ப்பு விளக்கியது. எனக்கு மிகப் பிடித்த தீர்ப்பு அது.

குடிவரவு மேன்முறையீட்டிலும் நடந்தது. 140 பவுணாக இருந்த வாய்மொழி விசாரணைக் கட்டணத்தை 2016 ஒக்டோபரில் 800 பவுண் ஆக்கினார்கள். எதிர்ப்பு கிளம்பி அடுத்த மாதமே பழைய கட்டணத்துக்குத் திரும்பினார்கள்.

ஸ்பீடிங், பார்க்கிங் எண்டு எவ்வளவு ஃபைன் கட்டுறம். அதெல்லாம் கோர்ட்டுக்குத்தானே?

இல்லை. கவுன்சில் போடும் பார்க்கிங் தண்டம் கவுன்சிலுக்கு. நீதவான் மன்றில் விதிக்கும் தண்டப்பணம் அடிப்படையில் அரசின் பொதுக் கணக்குக்குச் சொந்தம், அதில் ஒரு பகுதியை நீதி அமைச்சு வைத்துக்கொள்ள அனுமதி உண்டு. தண்டம் விதித்த கோர்ட்டுக்கு அதனால் தனி வருமானம் இல்லை. அப்படித்தான் இருக்கவும் வேண்டும்: தண்டம் போட்டால் தன் அறைக்குக் காசு என்ற நிலை நீதிபதிக்கு வரக்கூடாது. 2015 ஏப்ரலில் குற்றவாளியாகக் கண்டவர்களிடமிருந்து 1,200 பவுண் வரை கோர்ட் செலவு வாங்கும் திட்டம் ஒன்று வந்தது. மனம் பொறுக்காமல் நீதவான்கள் பதவி விலகினார்கள். அந்த டிசம்பரிலேயே அதை எடுத்துவிட்டார்கள்.

நீதிபதிமாரின்ட சம்பளத்தைக் குறைச்சால் என்ன?

உயர் நீதிபதிகளின் சம்பளத்தைக் கூட்டலாம், குறைக்க முடியாது. அரசுக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னவரின் சம்பளத்தில் கை வைக்கக்கூடாது என்பதற்காக 1701ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருந்து வரும் பாதுகாப்பு இது. இலங்கை அரசியலமைப்பின் 108ஆம் உறுப்புரையிலும் இதே பாதுகாப்பு இருக்கிறது. ஆனால் சம்பளத்தைத் தொடாமல் கோர்ட்டைப் பட்டினி போட முடியும். எழுதுவினைஞர், உரைபெயர்ப்பாளர், ரெக்கோடர் நாட்கள், கூரை எல்லாமே வெட்டக்கூடியவை.

அசைலம் அப்பீல் போட்டு எவ்வளவோ காலமாச்சு. அதுவும் இந்தக் காசுக்குள்ளதானா?

ஆம். டெய்லர் ஹவுஸ், ஹட்டன் குறொஸ் என்று குடிவரவு மேன்முறையீட்டுக்காக எங்கள் ஆட்கள் ஏறி இறங்கும் இடங்கள் எல்லாம் அதே முகவரகத்தின் கீழ்தான். தீர்ப்பாயங்களுக்காகப் பேசுபவர் மூத்த தலைவர் என்று மேலே சொன்னேன். குடிவரவுப் பிரிவின் அமர்வு நாட்களும் அந்தப் பேச்சில்தான் முடிவாகின்றன. அங்கே நாள் கணக்கில் ஊதியம் பெறும் நீதிபதிகள் நிறையப் பேர். அதனால் வரம்பு இறுகினால் அடி பலமாக விழும்.

இதில் இன்னொரு சிக்கல். ஹோம் ஒபிஸ் (உள்துறை அமைச்சு) தன்னிடம் தேங்கிய விண்ணப்பங்களை வேகமாக நிராகரித்தால், அந்தத் தேக்கம் அப்படியே தீர்ப்பாயத்துக்கு நகர்கிறது. 2025இல் முடிவாகாத புகலிட மேன்முறையீடுகள் 50,000ஐத் தாண்டின. ஒரு அமைச்சு புதுச் சட்டமோ கொள்கையோ கொண்டுவந்தால் கோர்ட்டுக்கு அதனால் எவ்வளவு வேலை கூடும் என்று கணக்கிட்டு நீதி அமைச்சுக்குச் சொல்லவும், மேலதிகச் செலவைத் தரவும் வேண்டும் என்று ஒரு விதிமுறை இருக்கிறது. ஆனால் அந்தக் கணக்கு முன்கூட்டிய ஊகம். முடிவெடுக்கும் வேகத்தை ஹோம் ஒபிஸ் நடு ஆண்டில் மாற்றினால் மார்ச்சில் ஒத்துக்கொண்ட எண் செப்டம்பரில் பொருந்தாது.

'இது போதாது, ஒத்துக்கொள்ள மாட்டம்' எண்டு நீதிபதிகள் சொன்னால் என்ன நடக்கும்?

கோர்ட் நிற்காது. காசு மினிஸ்டரின் கையில், அவர் தரும் தொகையில்தான் ஆண்டு ஓடும். ஆனால் பிரதம நீதியரசர் சம்மதம் தராமல் இருக்கலாம். 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் 5ஆம் பிரிவின்படி நேரடியாகப் பாராளுமன்றத்துக்கு எழுத்தில் முறையிடலாம். குழு முன் சாட்சியம் சொல்லும்போது உள்ளதை உள்ளபடி சொல்லலாம், 113,000 கணக்கு வெளியே வந்தது அப்படித்தான்.

லார்ட் சான்சலருக்கும் ஒரு கட்டு இருக்கிறது. பதவியேற்கும்போது, கோர்ட்டுகள் திறம்பட இயங்கத் தேவையான வளங்களைக் கொடுப்பது தன் கடமை என்று அவர் சத்தியம் செய்கிறார். வேறு எந்த மந்திரிக்கும் அப்படி ஒரு சத்தியம் இல்லை. 2025 செப்டம்பரில் பதவியேற்ற டேவிட் லாமியும் அதைச் சொல்லித்தான் ஏற்றார். எவ்வளவு காசு கொடுத்தால் கடமை நிறைவேறியது என்று சட்டத்தில் எண் எதுவும் இல்லை என்பதுதான் ஓட்டை.

எங்க ஊர்ல ஐகோர்ட் செலவை சட்டசபை ஓட்டுக்கே விடமாட்டாங்கன்னு படிச்சேன். இங்க ஏன் அப்படி இல்ல?

தமிழ்நாட்டுத் தம்பி ஒருவர் கேட்டது. இந்திய அரசியலமைப்பின் 229ஆம் பிரிவுப்படி உயர் நீதிமன்ற நிர்வாகச் செலவு மாநிலத்தின் தொகுப்பு நிதி மீது சாற்றப்படுகிறது. சட்டசபை அதைப் பற்றிப் பேசலாம், வாக்கெடுக்க முடியாது. உச்ச நீதிமன்றத்துக்கு 146ஆம் பிரிவு. ஆனால் சாதாரண மக்கள் போகும் மாவட்ட நீதிமன்றங்களின் செலவு மற்றத் துறைகளைப் போல மானியக் கோரிக்கையாக வாக்கெடுப்புக்கு வருகிறது. உயர் நீதிமன்றத்துக்கும் தொகை எவ்வளவு என்பதில் நிதித்துறையோடு இழுபறி இருக்கவே செய்கிறது. வாக்கெடுப்பு இல்லை என்பது மட்டும் காசைக் கூட்டித் தராது.

எனக்கு இதைவிட நல்ல முன்மாதிரியாகத் தெரிவது பக்கத்திலேயே இருக்கும் ஸ்கொட்லாந்து. அங்கே 2010இல் இருந்து கோர்ட் நிர்வாகம் மினிஸ்டருக்குக் கீழ் இல்லாத தனி அமைப்பு, அதன் சபைக்குத் தலைவர் தலைமை நீதிபதி. மொத்தத் தொகையை அங்கும் அரசுதான் தருகிறது. ஆனால் கிடைத்ததை எங்கே போடுவது என்று நீதிபதிகள் தலைமையிலான சபை முடிவு செய்கிறது.

காசைக் கூட்டினால் உடனே வேகமாகுமா?

உடனே ஆகாது. 2021-22இல் கிரவுன் கோர்ட் வரம்பையே நீக்கினார்கள், தேக்கம் கரைந்துவிடவில்லை. அமர நீதிபதியும் வாதாட பாரிஸ்டரும் வேண்டுமே. சட்ட உதவி ஊதியம் போதாமல் குற்றவியல் பாரிஸ்டர்கள் பலர் வேறு வேலைக்குப் போயிருந்தார்கள். இருந்தவர்கள் 2022இல் வேலைநிறுத்தம் செய்து, ஒக்டோபரில் 15 வீத உயர்வை ஏற்றுத் திரும்பினார்கள். குற்றவியல் கோர்ட்டுகளை மீளாய்வு செய்த ஓய்வுபெற்ற நீதிபதி சர் பிரையன் லெவ்சனின் 2025 ஜூலை அறிக்கையும் காசு மட்டும் போதாது என்றே சொன்னது.

ஆனால் இதை வைத்துக் 'காசு வேண்டாம்' என்று வாதிடுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஒரு வருடம் வெட்டி அடுத்த வருடம் கூட்டினால் எந்த இளம் சட்டத்தரணி இந்தத் துறையை நம்பி வருவார்? அமர்வு நாட்களை மூன்று ஆண்டுக்காவது சேர்த்து ஒத்துக்கொள்ள வேண்டும். நீதித்துறை எத்தனை நாள் அமர முடியும் என்று சொன்னது, அரசு எத்தனைக்குக் காசு தந்தது என்ற இரண்டு எண்களையும் ஏப்ரலுக்கு முன்பே பக்கத்தில் பக்கத்தில் வெளியிட வேண்டும். இடைவெளி எவ்வளவு என்று சனத்துக்குத் தெரிந்தால், அதற்கு மினிஸ்டர் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

நாங்கள் இதில என்ன செய்யலாம்? நீதிபதிக்குக் கடிதம் எழுதலாமா?

நீதிபதிக்கு எழுத வேண்டாம், அது வழக்கைக் குழப்பும். உடல்நிலை, பிள்ளைகளின் பாதுகாப்பு போன்ற அவசரக் காரணம் இருந்தால் விசாரணையை முன்னுக்கு எடுக்கச் சொல்லி உங்கள் சட்டத்தரணி விண்ணப்பிக்கலாம், அவரிடம் கேளுங்கள்.

உங்கள் பகுதி எம்பிக்கு எழுதுங்கள். வழக்கின் விபரமோ யார் பக்கம் நியாயம் என்பதோ அதில் வேண்டாம். எந்தக் கோர்ட், முதலில் தந்த திகதி என்ன, எத்தனை முறை மாறியது, இப்போது தந்திருக்கும் திகதி என்ன, மாற்றியதற்குச் சொன்ன காரணம் என்ன என்று மட்டும் எழுதுங்கள். வந்த கடிதங்களின் பிரதியையும் இணையுங்கள். கன்கோர்டாட் பேச்சு முடிவதற்கு முன், குளிர்காலத்தில் அனுப்பினால் அடுத்த ஆண்டுக் கணக்கு நடக்கும்போதே அது எம்பியின் கையில் இருக்கும்.